மெக்கார்டில் நோய் இருக்கறவங்க மலைக்குப் போகணும்னா எது தோது: திருப்பதியா, சபரிமலையா, வெள்ளியங்கிரியா, பழனி பாதயாத்திரையா?

டெல்டாக்காரங்களுக்கு மலைன்னாலே கோயில் தான். எங்க ஊர்ப் பக்கம் மேடுன்னு சொன்னா ஆத்துக்கரை, அத விட்டா சுவாமிமலை, அதுவும் கட்டுமலை, தமிழ் வருஷம் அறுபதுக்கும் ஒண்ணொண்ணா 60 படி, அவ்ளோதான். அதனால இங்க யாராச்சும் மலை ஏறப் போறேன்னா அது ட்ரெக்கிங் கிடையாது, வேண்டுதல். வேண்டுதல்னு வந்துட்டா உடம்பு தாங்குமான்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க, "அதெல்லாம் சாமி ஏத்தி விட்டுடும் வாப்பா"ன்னு பெரியப்பா சித்தப்பா எல்லாம் சேந்து வேன்ல ஏத்திடுவாங்க. மெக்கார்டில்ங்கற தசை நோய் இருக்கற ஆளுக்கு எந்த மலைங்கறது ரொம்ப முக்கியம், ஏன்னா ஒரே தூரத்த ஒரு மலைல சிரிச்சுகிட்டே நடந்துடலாம், இன்னொரு மலைல பாதில தொடை இறுகிப் போய் ஆஸ்பத்திரில போய் படுக்க வேண்டியதாயிடும்.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். 1951ல பிரையன் மெக்கார்டில்னு ஒரு லண்டன் டாக்டர் முதல்ல எழுதி வெச்ச நோய், அதான் இந்தப் பேரு. தசைக்குள்ள கிளைக்கோஜன்னு சர்க்கரை சேத்து வெச்சிருக்கும், வேகமா ஓடறப்ப, வெயிட் தூக்கறப்ப, படி ஏறறப்ப உடம்பு மொதல்ல அதத்தான் ஒடச்சு எடுக்கும். நமக்கு அத ஒடைக்கற என்சைம் வேலை செய்யாது. குதிர் நிறைய நெல்லு இருக்கு, அடில அந்த ஓட்டை மட்டும் அடைச்சுகிட்டு ஒரு மணி நெல்லு கீழ வரல, அந்தக் கதை தான். அதனால முதல் ஆறேழு நிமிஷம், மிஞ்சினா பத்து நிமிஷம் வரைக்கும் நாலு வீடு தாண்டறதுக்குள்ள கால் கல்லாயிடும், நெஞ்சு படபடன்னு அடிக்கும், அப்பவே நின்னு நின்னு மெதுவா நடந்தா ரத்தத்துல இருக்கற சர்க்கரையும் கொழுப்பும் தசைக்கு வர ஆரம்பிச்சு திடீர்னு லேசாயிடும். இதுக்கு செகண்ட் விண்ட்னு பேரு. அது வந்துட்டா சமதளத்துல மணிக்கணக்கா நடக்கலாம். ஸ்கூல் பி.டி. பீரியட்ல சோம்பேறின்னு திட்டு வாங்கினவங்க, அதே சமயம் திருவிழாவுல ராத்திரி முழுக்க சாமி பின்னாடி சுத்தினவங்க, இந்த ரெண்டும் ஒரே ஆளா இருந்தா சிகேன்னு தசை அடிபட்டா ரத்தத்துல ஏறற ஒரு என்சைம், அந்த டெஸ்ட் எடுத்துப் பாருங்க, சும்மா இருக்கறப்பவே அது எகிறிப் போய் நிக்கும். அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டேந்தும் அந்த ஜீன் வந்தா தான் இந்த நோய் வரும், மாமன் மகள் அத்தை மகன்னு சொந்தத்துலயே கட்டிக்கற நம்ம ஊர்ல அதுக்கு சான்ஸ் கொஞ்சம் கூடுதல் தான்.

இதுலேருந்து என் கணக்கு ஒண்ணே ஒண்ணு, நமக்கு தூரம் பிரச்சனையே இல்ல, செங்குத்தும் கூட்டமும் தான் பிரச்சனை. 2010ல இதே நோய் இருக்கற ஒருத்தர் பிரிட்டன்ல வேல்ஸ் பகுதிய 200 மைலுக்கு மேல நடந்தே கடந்திருக்காரு, அதுவும் மேடும் மலையுமான பாதை. அதனால மலைய எடை போடறப்ப எத்தனை படி எத்தனை கிலோமீட்டர்னு பாக்காதீங்க. முதல் பத்து நிமிஷம் ஏத்தமா சமமா, நெனச்ச எடத்துல நெனச்ச நிமிஷத்துல நிக்க முடியுமா, பாதில முடியலன்னா கீழ வர வழி இருக்கா, இத மட்டும் கேளுங்க.

முதல்ல திருப்பதி, ஏன்னா மன்னார்குடிலேருந்து பாமணி எக்ஸ்பிரஸ் நேரா போயிடும், இங்க நெறைய பேருக்கு முதல் மலை அதுதான். நடந்து ஏற ரெண்டு வழி. அலிபிரி 3550 படி, சுமார் 9 கிலோமீட்டர். ஸ்ரீவாரி மெட்டு 2388 படி, 2.1 கிலோமீட்டர் தான். வீட்ல எல்லாரும் என்ன சொல்லுவாங்க, "உனக்கு உடம்பு முடியாது, நீ சின்ன வழில வா"ம்பாங்க. தப்பான யோசனைங்க அது. கணக்குப் போட்டுப் பாருங்க, ஸ்ரீவாரி மெட்டுல ஒரு கிலோமீட்டருக்கு ஆயிரத்து சொச்சம் படி வருது, அலிபிரில நானூறு கூட வரல. படிங்கறது ஒவ்வொரு தடவையும் மொத்த உடம்பையும் ஒரு தொடையால தூக்கறது, செகண்ட் விண்ட் வந்த பிறகும் அது நமக்கு ஆகாத வேலை. சமமா பத்து அடி நடக்க எடம் கெடச்சா தான் தசை திரும்ப நெறையும், ஸ்ரீவாரி மெட்டுல அந்த எடம் கெடைக்கறதே அரிது. கூட வர்றவங்க ஒன்றரை மணி நேரத்துல மேல போயிடுவாங்க, அவங்களோட போட்டி போட்டா தசை உடைஞ்சு ராத்திரி கறுப்பு டீ கலர்ல யூரின் போகும்.

அலிபிரில ஒரு கெட்டது, முதல் பாதி தான் கஷ்டம், காலி கோபுரம் வரைக்கும் ரெண்டாயிரம் படி விடாம ஏத்தம். அதுக்கு வழி என்னன்னா படிய தொடறதுக்கு முன்னாடியே செகண்ட் விண்ட வாங்கிடறது. ஆட்டோவ அலிபிரி வாசல்ல நிறுத்தாம கபில தீர்த்தத்துலயே எறங்கி தீர்த்தத்த கும்பிட்டுட்டு அங்கேருந்து ரோட்டுல மெதுவா நடந்தீங்கன்னா படிகிட்ட வர்றப்ப தசை தயாரா இருக்கும். பைய அலிபிரில ஃப்ரீயாவே வாங்கி மேல அனுப்பறாங்க, ஆனா அந்த க்யூவுல நீங்க நிக்காதீங்க, தம்பி தங்கச்சிய நிக்க வெச்சுட்டு நீங்க அங்கயே குறுக்க நெடுக்க நடந்துகிட்டு இருங்க, ரொம்ப நேரம் சும்மா நின்னா வாங்கின செகண்ட் விண்ட் போயிடும், மறுபடி முதல்லேருந்து. காலி கோபுரம் தாண்டிட்டா பெரும்பாலும் சமமா ரோட்டோரமா போகும், மான் பூங்கா வரும், அங்க நாம மத்தவங்கள முந்திடுவோம், நெஜமாதான் சொல்றேன், முதல்ல நம்மள தாண்டி ஓடினவன் எல்லாம் அங்க உக்காந்து முட்டிய பிடிச்சுகிட்டு இருப்பான். கடைசில மோகாள்ள மெட்டுன்னு ஒண்ணு வரும், தெலுங்குல மோகாலுன்னா முட்டி, அதுலேருந்தே புரிஞ்சுக்குங்க. அங்க பத்து படி, நிப்பாட்டு, பத்து படி, நிப்பாட்டு. கூரை இருக்கு, கடை இருக்கு, பாத்ரூம் இருக்கு, எங்க வேணாலும் ஓரமா உக்காரலாம், ஒருத்தரும் தள்ள மாட்டாங்க. 2023ல சிறுத்தை ஒரு குழந்தைய அடிச்சுக் கொன்ன பிறகு குழந்தைங்களுக்கும் நேரத்துக்கும் கட்டுப்பாடு போட்டாங்க, நம்ம வேகத்துக்கு நேரம் கூடுதலா ஆகும், அதனால விடியக்காலைலயே கெளம்பிடறது நல்லது.

சபரிமலைக்கு வருவோம். பம்பைலேருந்து சன்னிதானம் 5 கிலோமீட்டர் தான், ஆனா பம்பைய விட்டு நகந்ததுமே நீலிமலை, அப்புறம் அப்பாச்சிமேடு, ரெண்டுமே நெட்டுக்குத்து ஏத்தம். அதாவது முதல் பத்து நிமிஷத்துலயே நமக்கு வேட்டு. சுவாமி ஐயப்பன் ரோடுன்னு ட்ராக்டர் போற வழி ஒண்ணு இருக்கு, சரிவு கொஞ்சம் சீரா இருக்கும், எந்த வழில விடுவாங்கங்கறது அன்னிக்கு கூட்டத்தப் பொறுத்தது, விட்டா அதுலயே போங்க. ஏர்றதுக்கு முன்னாடி பம்பை மணப்புறத்துல கொஞ்ச நேரம் நடங்க.

ஆனா கால விட அங்க எனக்கு பயம் கை தான். இருமுடிய தலைல வெச்சு ஒரு கைய தூக்கி பிடிச்சுகிட்டே போறோம் பாருங்க, அந்த மாதிரி அசையாம இறுக்கிப் பிடிக்கற வேலை மெக்கார்டிலுக்கு ஓடறத விட மோசம், ஏன்னா இறுகின தசைக்குள்ள ரத்தமே சரியா போகாது, வெளிலேருந்து வர்ற சர்க்கரையும் சேராது, கை அப்படியே பூட்டிக்கும். குருசாமிகிட்ட முன்கூட்டியே சொல்லி தோள்ல மாத்தி மாத்தி வெச்சுக்க அனுமதி கேளுங்க, விவரம் தெரிஞ்ச குருசாமி மறுக்க மாட்டாரு. அப்புறம் சரங்குத்தி க்யூ, மணிக்கணக்கா நிக்கணும், பின்னாடி ஆயிரம் பேர் தள்றப்ப "சாமி ஒரு நிமிஷம்"னு நிக்க முடியாது. பதினெட்டாம் படில போலீஸ்காரங்க தூக்கி விட்டுகிட்டே இருப்பாங்க, நமக்கு முழு வேகத்துல தசைய ஓட்ட ஆறு செகண்ட் தான் கையிருப்பு, அதனால உடம்ப அவங்க கைல விட்டுடுங்க, நீங்க முட்டி மோதாதீங்க. நல்ல விஷயம்னா வழில ஆக்சிஜன் பார்லர், இதய சிகிச்சை சென்டர், டோலி எல்லாம் இருக்கு, முடியலன்னா டோலில ஏறிடலாம், அதுல ஒண்ணும் மானம் போயிடாது. மண்டல காலம் கார்த்திகைல வர்றதால இங்க அடைமழைல சம்பா முழுகுமா தப்புமான்னு பாத்துகிட்டு இருக்கற நேரம், விவசாயி வீட்டுக்கு அதுவும் ஒரு தொல்லை. எருமேலி பெரிய பாதை வேற தனிக் கதை, அழுதை ஏத்தம், கரிமலை ஏத்தம், காட்டுக்குள்ள பாதில முடியலன்னா வழி இல்ல. தூரம் பிரச்சனை இல்லன்னு நான் சொன்னது அந்த மாதிரி பாதைக்கு இல்ல.

வெள்ளியங்கிரி. பொடிப்பசங்க வருஷா வருஷம் மாசி பங்குனில செம்மொழி எக்ஸ்பிரஸ்ல கோயம்புத்தூர் போய் பூண்டிலேருந்து ஏறிட்டு வந்து ஏழு மலை ஏழு மலைன்னு பேசறப்ப ஆசையா தான் இருக்கும். வேணாங்க. பிப்ரவரிலேருந்து மே வரைக்கும் தான் விடறாங்க, முதல் மலையே செங்குத்துப் படி, வெள்ளை விநாயகர் கோயில் வர்றதுக்குள்ளயே நல்ல உடம்புக்காரனுக்கு நாக்கு தள்ளும், ஏழாவது மலை அதை விட மோசம், எறங்க வேற பாதை கிடையாது, வண்டி வராது. நல்லா இருந்த ஆளுங்களே அங்க மூச்சு முட்டியும் மாரடைப்பு வந்தும் செத்திருக்காங்க, 2024ல தொடர்ச்சியா அந்த செய்தி தான். வனத்துறையே உடம்பு சரியில்லாதவங்க வராதீங்கன்னு சொல்லுது. நமக்கு அங்க தசை உடைஞ்சு ராப்டோமயோலிசிஸ் ஆச்சுன்னா அந்தக் கழிவு சிறுநீரகத்துக்குள்ள போகும், உடனே ட்ரிப்ஸ் ஏத்தணும், ஆறாவது மலைல யாரு ஏத்துவா? மூங்கில் தடி ஊனிகிட்டு போறதும் மறுபடி அதே இறுக்கிப் பிடிக்கற கதை தான். இதுல ஒப்பீடே வேணாம், லிஸ்ட்லேருந்து எடுத்துடுங்க.

கொல்லிமலை ஆகாய கங்கையும் அப்படித்தான், ஆயிரத்துக்கு மேல படி, ஆனா எறக்கம் முன்னாடி ஏத்தம் பின்னாடி, குளிச்சு நடுங்கிட்டு ஈரத்துணியோட ஏறணும், திரும்பி வர வேற வழியில்ல.

இப்ப பழனி. இது மலை ஏத்தமே இல்லையேன்னு சிரிப்பீங்க. தஞ்சாவூர்லேருந்து திருச்சி, மணப்பாறை, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம்னு போனா 200 கிலோமீட்டருக்கு மேல, எல்லாரும் இதைத்தான் பெருசுன்னு பயப்படுவாங்க, நமக்கு இதான் வசதி. தார் ரோடு, லேசான ஏத்த எறக்கம், தைப்பூசத்தப்ப வழி நெடுக பந்தல், ஒவ்வொரு பந்தல்லயும் பானகம். அந்தப் பானகத்த சும்மா நெனைக்காதீங்க, வேலை ஆரம்பிக்க அஞ்சு நிமிஷம் முன்னாடி 37 கிராம் சர்க்கரை குடிச்சா மெக்கார்டில்காரங்களுக்கு முதல் பத்து நிமிஷம் நல்லா லேசாகுதுன்னு ஆராய்ச்சிலயே பாத்திருக்காங்க, எட்டு ஒம்போது டீஸ்பூன் சர்க்கரை வரும். ஆனா நாள் முழுக்க அப்படி குடிச்சா எடை ஏறிடும், எடை ஏறினா படியும் ஏற முடியாது, காலைல கெளம்பறப்பவும் நீண்ட ஓய்வுக்கு அப்புறமும் மட்டும் குடிங்க. சர்க்கரை வியாதி இருக்கறவங்க டாக்டர கேக்காம இத தொடாதீங்க. விரதம்னு வெறும் வயித்தோட நடக்காதீங்க, முருகன் கோச்சுக்க மாட்டாரு. காவடியும் வேணாம், தோளு இறுகிடும், மஞ்ச வேட்டி போதும்.

குழுவோட போறப்ப ஒரே சங்கடம், விடியக்காலைல எழுந்ததும் அரோகரான்னு எல்லாரும் வேகமா கெளம்புவாங்க, நமக்கு அப்பதான் மெதுவா போகணும். அண்ணே நீங்க முன்னாடி போங்க, அடுத்த பந்தல்ல பிடிச்சுக்கறேன்னு சொல்லிட்டா போதும், பெரும்பாலும் பிடிச்சுடுவோம். முழுசா முடியலன்னா ஒட்டன்சத்திரத்துல சேந்துகிட்டு கடைசி 30 கிலோமீட்டர மட்டும் நடங்க. தையில சம்பா அறுப்பும் தைப்பூசமும் சேந்து வரும், அறுப்பு மெஷின் வந்த வயலுக்காரங்க அந்த வருஷம் போக மாட்டாங்க, அத யாரும் மாத்த முடியாது.

ஆக என் வரிசை பழனி, அலிபிரி, ரொம்ப தள்ளி சபரிமலை அதுவும் மண்டலத்த விட்டுட்டு மாசப் பூஜை நாள்ல, ஸ்ரீவாரி மெட்டு வேணாம், வெள்ளியங்கிரி வேணவே வேணாம். இது மெக்கார்டிலுக்கு மட்டுங்க, தசை மெலிஞ்சுகிட்டே போற மஸ்குலர் டிஸ்ட்ரோபி இருக்கறவங்களுக்கு கணக்கே வேற, அவங்களுக்கு ஏறறத விட எறங்கறதுல தசை அதிகம் அடிபடும், செகண்ட் விண்டும் கிடையாது, அப்படியே காப்பி அடிக்காதீங்க.

பழகறதுக்கு தெனம் ஆத்துக்கரைல நடங்க, அது பழகினதும் சுவாமிமலை 60 படி, அடுத்து திருச்சி உச்சிப்பிள்ளையார் 417, அது வலி இல்லாம முடிஞ்சா குளித்தலை பக்கம் அய்யர்மலை 1017. இங்க இருக்கற சமதளத்துல ஏத்தத்துக்கு பழக வேற எடம் கெடைக்காது. கொலஸ்ட்ரால் மாத்திரை ஸ்டாட்டின் சாப்பிடறவங்க கெளம்பறதுக்கு முன்னாடி நரம்பு டாக்டர்கிட்ட அதையும் சொல்லிடுங்க. வலி வந்து தசை விறைச்சா அத நீவி இழுத்துட்டு நடக்காதீங்க, நின்னுடுங்க, அன்னிக்கு யூரின் கலர் மாறினா தண்ணி குடிச்சா சரியாயிடும்னு உக்காராம அந்த ராத்திரியே அவசர சிகிச்சைக்குப் போங்க, போனதும் மெக்கார்டில்னு ஒரு சீட்டுல எழுதி நீட்டுங்க, கூட்டத்துல யாருக்கும் வாய்ல வராது.

பழனில கடைசி 693 படிய நடந்துதான் முடிக்கணும்னா யானைப்பாதைல போங்க, சரிவு சாஞ்சு இருக்கும், அடிவாரத்துல உக்காந்துடாம வந்த வேகத்துலயே ஏறிடுங்க. இல்ல ரோப் கார்னா கெளம்பற வாரமே ஓடுதான்னு விசாரிச்சுக்குங்க, பராமரிப்புன்னு வருஷத்துக்கு ஒரு தடவை நிறுத்தி வெச்சிருப்பாங்க, அப்ப வின்ச் தான், அதுக்கு க்யூ பெருசு, மடக்கற ஸ்டூல் ஒண்ணு கொண்டு போங்க.