ஏஆர்9271 வைஃபை டாங்கிள்: ஓராண்டு அனுபவம்

பழைய மடிக்கணினியில் லினக்ஸ் வகை இயங்குதளமான டெபியன் போட்டதும் வைஃபை காணாமல் போனது. உள்ளே இருந்த வைஃபை அட்டைக்கு மூடிய ஃபர்ம்வேர் (சில்லுக்குள் ஓடும், மூலநிரல் வெளியிடப்படாத மென்பொருள்) வேண்டும். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 இத்தகைய ஃபர்ம்வேர்களை நிறுவியோடு சேர்த்தே தருகிறது. ஆனால் மூலநிரல் தெரியாத ஒன்றை ஏற்ற எனக்கு மனமில்லை. அதனால் ஏதெரோஸ் ஏஆர்9271 சில்லு உள்ள யூஎஸ்பி டாங்கிள் வாங்கினேன்.

செருகினேன், வீட்டு வைஃபையின் பெயர் தெரிந்தது, கடவுச்சொல் கொடுத்தேன். அவ்வளவுதான்! இதன் டிரைவர் (கணினி கருவியை இயக்க உதவும் மென்பொருள்) லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது. ஃபர்ம்வேரின் மூலநிரலையும் 2013-லேயே திறந்துவிட்டார்கள். டிரைவர் திறந்தும் ஃபர்ம்வேர் மூடியும் இருப்பதுதான் வழக்கம் என்பதால், இதை நான் பெரிதாக மதிக்கிறேன். மூடிய துண்டுகளை நீக்கிய லினக்ஸ்-லிப்ரே கெர்னலிலும் சோதித்தேன், ஓடியது.

வேகம் சுமார்தான். 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும், ஏட்டளவில் 150 எம்பிபிஎஸ். அடுக்குமாடியில் பக்கத்து வீட்டு ரூட்டர்கள் எல்லாம் அதே அலைவரிசையில் நெருக்குவதால், மாலையில் வீடியோ அழைப்பு திணறும். 5 கிகாஹெர்ட்ஸ் கட்டாயம் வேண்டுபவர்களுக்கு இது ஆகாது.

வாங்கும்போது பெட்டியில் உள்ள மாடல் பெயரை நம்பாதீர்கள். அதே பெயரில் சில்லை மாற்றி விற்பதுண்டு. செருகிய யூஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்யூஎஸ்பி' (lsusb) கட்டளை கொடுத்து, சில்லின் அடையாள எண் 0சிஎஃப்3:9271 (0cf3:9271) என்று வருகிறதா பாருங்கள்.