நுண்கடனா, மாதச் சம்பளமா?

ஏழ்மையைக் குறைக்க வணிகத்துக்கு இரண்டு வழி உண்டு என்பார்கள்: சிறுதொழிலுக்குச் சிறு கடன், அதாவது நுண்கடன், கொடுப்பது, அல்லது வேலை கொடுப்பது.

கடன் வழிக்குப் பேர்போனது பங்களாதேசின் கிராமின் வங்கி. 2006இல் நோபல் பரிசும் பெற்றது. இலங்கையின் மட்டக்களப்பில் நான் பார்த்தது வேறு. கிழமைக்கொரு நாள் ஒரு வீட்டு முற்றத்தில் பாய் விரித்துத் தவணை கட்டும் கூட்டம். இடியப்பம் அவித்து விற்கும் அக்கா, சேலை முடிச்சை அவிழ்த்து, கசங்கிய நூறு ரூபாய்த் தாள்களை இரண்டு தரம் எண்ணுவார். மழையில் வியாபாரம் படுத்தாலும் தவணை நிற்காது. ஒருத்தி கட்டாவிட்டால், சேர்ந்து கடன் எடுத்த குழுவில் மற்றவர்கள் கட்ட வேண்டும். அதை அடைக்க இன்னொரு கடன். வறட்சி பாதித்த மாவட்டப் பெண்களின் நுண்கடனை 2018இல் அரசே தள்ளுபடி செய்யும் அளவுக்கு நிலைமை முற்றியது.

மற்ற வழி வேலை. கார்மென்ட் (ஆடைத் தொழிற்சாலை) வேலைக்கு விடியுமுன் எழும்பி பஸ் பிடிக்க வேண்டும், சம்பளமும் பெரிதில்லை. சரி, ஆனால் வியாபார நட்டம் வேலைக்குப் போகிறவள் தலையில் விழாது. அவளுடைய ஓய்வுக்காலச் சேமிப்பான சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம் கட்டியாக வேண்டும். என் தெரிவு இதுதான்.

கைக்குழந்தைக்காரிக்கு அந்த பஸ் உதவாது. நெசவூரான மருதமுனையின் தறிபோல வீட்டிலேயே தொழிலும், நெய்த சாரத்தை (லுங்கியை) வாங்க ஆளும் இருந்தால், நூலுக்குக் கடன் எடுக்கலாம்.