செட்டிநாட்டு அடுப்படியில் காப்ஸ்யூல் காபி மெஷின்: யாருக்கு ஒத்துவரும், எதில் கெடும்

கறுப்புக் காபி குடிப்பவர்கள் ஒருவர் இருவர் இருக்கும் வீட்டுக்கு, ஒரு கோப்பைக்கான தூளை அடைத்த சிறு குப்பியிலிருந்து (காப்ஸ்யூல்) காபி இறக்கும் காப்ஸ்யூல் மெஷின் நல்ல பொருள். விடிந்ததும் வரிசையாகப் பத்து டம்ளர் பால் காபி ஆற்ற வேண்டிய வீட்டுக்கு அது உதவாது. வாங்குவதற்கு முன் இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மீதிப் பாதி தண்ணீரைப் பற்றியது. கடைக்காரர் அதைச் சொல்லித் தருவதில்லை என்பதால் கீழே அதற்கே அதிக இடம்.

இங்கே பேசுவது நெஸ்லே குழுமத்தின் நெஸ்பிரெசோ நிறுவனம் செய்யும் ஒரிஜினல் வகை. அதில் சிறியது எசென்சா மினி. 2024 இறுதியில்தான் இந்த நிறுவனம் இந்தியாவில் நேரடி விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்பே சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் கொண்டுவந்து கொடுத்த மெஷின்கள் உண்டு. அதே நிறுவனத்தின் வெர்ச்சுவோ வேறு சாதி: காப்ஸ்யூலை நிமிடத்துக்கு 7000 சுற்று வரை சுழற்றி, விளிம்பிலுள்ள பார்கோடைப் படித்து அளவை அதுவே முடிவு செய்யும். நெஸ்கஃபே பெயரில் வரும் டோல்சே குஸ்டோவும் தனி. ஒன்றின் காப்ஸ்யூல் மற்றதில் பொருந்தாது. ஒரிஜினல் வகையின் முக்கியமான காப்புரிமைகள் 2012 வாக்கில் முடிந்துவிட்டதால் அதற்குப் பல நிறுவனங்கள் காப்ஸ்யூல் செய்கின்றன. சின்ன ஊரில் இருப்பவர்கள் ஒரிஜினலை எடுப்பதே புத்திசாலித்தனம். ஒரு பிராண்டு கிடைக்காத மாதத்தில் இன்னொன்றை வாங்கிக்கொள்ளலாம்.

உள்ளே நடப்பது இதுதான். நெம்புகோலை இறக்கியதும் காப்ஸ்யூலின் குறுகிய பக்கத்தில் மூன்று முள்கள் துளையிடும். தொட்டியிலிருந்து ஒரு சிறிய அதிர்வு பம்ப் தண்ணீரை இழுத்து, தெர்மோபிளாக் எனப்படும் சூடான உலோகக் கட்டிக்குள் இருக்கும் குறுகலான பாதை வழியே தள்ளும். பாய்லரில் தேக்கிச் சுட வைக்கும் வேலை இல்லை. ஓடும்போதே தண்ணீர் சூடாகிறது. அதனால்தான் போட்டு 30 வினாடிக்குள் தயாராகிவிடுகிறது. சுடுநீர் நிரம்பி அழுத்தம் ஏறும்போது காப்ஸ்யூலின் அகன்ற பக்கத்து அலுமினியத் தாள் உப்பும். எதிரே சின்னச் சின்ன மேடுகள் நிறைந்த தட்டு இருக்கிறது. அதில் அழுந்தித் தாள் கிழியும். அந்தக் கிழிசல்கள் வழியே காபி வடியும். எரிக் ஃபாவ்ர் 1976-இல் நெஸ்லேயில் வேலை பார்த்தபோது உருவாக்கி, 1986-இல் விற்பனைக்கு வந்த முறை. அடிப்படை இன்றும் மாறவில்லை.

பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும் 19 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) என்பது பம்ப் எட்டக்கூடிய உச்சம். கோப்பைக்குக் காபி இறங்கும்போது அவ்வளவு அழுத்தம் இருப்பதில்லை, தேவையும் இல்லை. அழுத்தத்தில் இறக்கும் திடமான சிறு காபியான எஸ்பிரசோவுக்கு 9 பார் அளவே போதும் என்பது காபிக்காரர்களின் பொதுக்கணக்கு. ஆகவே 15 பாரா 19 பாரா என்று பார்த்து மெஷினைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

ஒரு காப்ஸ்யூலில் இருப்பது 5 முதல் 6 கிராம் தூள். 40 மில்லி எஸ்பிரசோ 20 முதல் 30 வினாடிக்குள் இறங்க வேண்டும். இந்த நேரம்தான் மெஷினின் நாடி. பத்து வினாடியில் சளசளவென்று கொட்டினால், காப்ஸ்யூலின் விளிம்பு நசுங்கி ஓரமாகத் தண்ணீர் தப்பித்துப் போகிறது, அல்லது உள்ளே தூள் கொரகொரப்பாக இருக்கிறது. ஒரு நிமிடம் ஆகியும் சொட்டுச் சொட்டாக விழுந்தால் தூள் மிக நைஸ், இல்லையென்றால் தண்ணீரின் உப்புப் படிந்த அடைப்பு. எதுவென்று அறிய, காப்ஸ்யூல் இல்லாமல் வெறும் தண்ணீரை ஓட விடுங்கள். அப்போதும் மெலிதாகவே வந்தால் அடைப்பு மெஷினுக்குள்.

அடுத்தது நம் ஊர்ப் பழக்கம் ஒன்று. பில்டரில் முதல் டிகாஷன் இறங்கியபின் மேலே மறுபடியும் வெந்நீர் ஊற்றி இரண்டாம் டிகாஷன் எடுக்கிற கை, இங்கேயும் அதே காப்ஸ்யூலில் பொத்தானை இன்னொரு முறை அழுத்தும். செய்யாதீர்கள். பில்டரில் தண்ணீர் தன் எடையிலேயே மெல்ல வடிகிறது. தூளும் நிறைய, அதனால் மிச்சம் இருக்கும். 5 கிராம் தூளில் அழுத்தத்தோடு பாய்ந்த முதல் 40 மில்லியே எடுக்க வேண்டியதை எடுத்துவிடுகிறது. இரண்டாவது முறை வருவது கசப்பும் நிறமும் மட்டும். 110 மில்லி பெரிய அளவுக் காபிக்கான லுங்கோ பொத்தானை எஸ்பிரசோ காப்ஸ்யூலில் அழுத்தினாலும் இதே கதிதான். அளவு கூட வேண்டுமென்றால் 40 மில்லி எடுத்து, வெந்நீரைத் தனியாகச் சேருங்கள்.

இனி டம்ளர் காபி. காப்ஸ்யூலில் சிக்கரி கிடையாது. எண்பதுக்கு இருபது கலவையில் பழகிய நாக்குக்கு, ஒரு காப்ஸ்யூலை 120 மில்லி பாலில் கலந்தால் காபி வாசனை அடித்த பால் மாதிரிதான் இருக்கும். சரிப்படுத்த வழி உண்டு. அழுத்தமான வறுவல் காப்ஸ்யூல் எடுங்கள். நெஸ்பிரெசோ எண் வரிசையில் 10-க்கு மேல். அந்த எண் வறுவலையும் அழுத்தத்தையும் குறிப்பது, காஃபின் அளவை அல்ல. இந்தியா என்ற பெயரிலேயே விற்கும் காப்ஸ்யூலில் மழைக்காற்றில் பதமாக்கிய நம் ரோபஸ்டா வகைக் காபிக்கொட்டை கலந்திருக்கிறது, பாலைத் தாங்கும். எஸ்பிரசோ பொத்தானின் அளவை 25 மில்லிக்குக் குறைத்து வையுங்கள்: காபி இறங்கும்போது பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்து, வேண்டிய அளவு வந்ததும் கையை எடுத்தால் அது நினைவில் நின்றுவிடும். டம்ளரில் முதலில் சர்க்கரை, அதன்மேல் இரண்டு காப்ஸ்யூலில் இறக்கிய காபி, பிறகு 90 மில்லி பால். தண்ணீர் கலக்காத பாலாக இருக்கட்டும். பால் நுரைக்கும் கருவி அதை 60, 65 டிகிரி அளவுக்கே சூடாக்கும். டவராவில் ஆற்றிக் குடிக்கிற நமக்கு அது ஆறிப்போன காபி. பாலை அடுப்பிலேயே பொங்க வைத்து, டவரா டம்ளரை வெந்நீரில் அலசிவிட்டுக் கலந்தால் சரியாக வரும்.

வந்தாலும் இரண்டு காப்ஸ்யூல் செலவு. விலையை ஒப்பிட ஒரு சுலபக் கணக்கு: ஒரு கிலோ தூளுக்கு ஏறத்தாழ 180 காப்ஸ்யூல். நீங்கள் வாங்கும் காப்ஸ்யூல் விலையை 180-ஆல் பெருக்குங்கள். ஒன்று 60 ரூபாய் என்றால் கிலோ 10,800 ரூபாய் ஆகிறது. பால் காபிக்கு இந்த விலை நியாயமில்லை, பில்டரே உயர்வு. கறுப்புக் காபிக்கு வேறு நியாயம்: பில்டரில் கிடைக்காத அந்த மேல்நுரையும் எண்ணெய்ப் பசையும், காற்றுப் புகாமல் அடைத்த தூளின் மணமும் இதில் கிடைக்கின்றன. வெயில் காலத்துச் செட்டிநாட்டில் பிரித்த தூள் எவ்வளவு சீக்கிரம் மணம் இழக்கும் என்பது தெரிந்தவர்களுக்கு அதன் மதிப்பு புரியும். அதற்காகவே அலுமினியக் காப்ஸ்யூலைத் தேர்ந்தெடுங்கள். சாதாரணப் பிளாஸ்டிக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடும்.

திரும்ப நிரப்பும் எவர்சில்வர் காப்ஸ்யூல் வாங்கிச் செலவைக் குறைக்கலாம். ஆனால் சிக்கரி கலந்த தூளை அதில் போடக் கூடாது. சிக்கரி நனைந்ததும் பிசுபிசுத்துத் துளைகளை அடைக்கும், பம்ப் முனகும். சிக்கரி இல்லாத தூளை, பில்டருக்கு அரைப்பதைவிட ஒரு படி நைஸாக அரைக்கச் சொல்லி, 5 கிராம் போட்டு லேசாக அழுத்தி, விளிம்பில் ஒட்டிய தூளைத் துடைத்துவிட்டு மூடவும். விளிம்பில் நாலு துகள் இருந்தாலும் தண்ணீர் ஓரமாகக் கசியும்.

தண்ணீருக்கு வருவோம். குடிநீருக்கான இந்தியத் தர அளவு மொத்தக் கடினத்தன்மையை (தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசிய உப்புகளின் அளவு) லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கிறது. வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. காபிக்கும் மெஷினுக்கும் உகந்தது 50 முதல் 175 வரை. அதாவது குடிக்கத் தகுந்த போர் தண்ணீர் இந்த மெஷினுக்குத் தகாததாக இருக்கலாம். தண்ணீர் சுட்டதும் அந்த உப்பு கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து தெர்மோபிளாக்கின் குறுகிய பாதையில் ஒட்டிக்கொள்ளும். முதலில் காபியின் சூடு குறையும், பிறகு வேகம் குறையும், கடைசியில் பம்ப் சத்தம் மட்டும் வரும். வெந்நீர்ப் பானையின் உட்புறம் வெள்ளையாகப் பூத்திருந்தால் உங்கள் தண்ணீர் அந்த வகை என்று வைத்துக்கொள்ளுங்கள். துல்லியமாக வேண்டுமானால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் மாதிரி கொடுத்துச் சோதிக்கலாம். கையடக்க டிடிஎஸ் மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். அது எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும். படிவது கால்சியமும் மக்னீசியமும்தான், சோடியம் படியாது. காரைக்குடியின் சம்பை ஊற்றுத் தண்ணீர் ருசிக்குப் பேர்போனது. ஆனாலும் ருசி வேறு, கடினத்தன்மை வேறு. உங்கள் குழாயில் வருவதைச் சோதித்த பிறகே முடிவு செய்யுங்கள்.

ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்றினால் உப்புப் படியாது, ஆனால் காபி சப்பென்று இருக்கும். மணத்தைத் தூளிலிருந்து இழுக்கக் கொஞ்சம் கனிமம் வேண்டும். கலப்பதே வழி. ஆர்.ஓ. நீரில் கடினத்தன்மை 15, போர் தண்ணீரில் 400 என்றால், நாலு பங்கு ஆர்.ஓ.வுக்கு ஒரு பங்கு போர் தண்ணீர் சேர்த்தால் 92 ஆகும். அருமையான அளவு. வளவில் (வீட்டின் நடு முற்றத்தில்) விழும் மழைநீரைப் பிடித்து வைத்துக் குடிக்கிற வீடுகளில் அதைக் காய்ச்சி வடிகட்டி, ஆர்.ஓ. நீருக்குப் பதிலாக இதே விகிதத்தில் கலக்கலாம். கூரை கழுவி வரும் முதல் மழைத் தண்ணீரை மட்டும் விட்டுவிட வேண்டும்.

எப்படிப் பார்த்துக்கொண்டாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அல்லது 300 காப்ஸ்யூலுக்கு ஒருமுறை உப்பு நீக்க வேண்டும். வினிகர் ஊற்றாதீர்கள், ரப்பர் வளையங்களைக் கெடுக்கும், வாடையும் போகாது. எலுமிச்சை உப்பும் சரியில்லை: சிட்ரிக் அமிலம் சூட்டில் கால்சியம் சிட்ரேட்டாகி அதுவே அடைக்கலாம். லாக்டிக் அமிலக் கரைசல் நல்லது. நிறுவனத்தின் ஒரு உறை 100 மில்லி. அரை லிட்டர் தண்ணீரில் கலந்து தொட்டியில் ஊற்றி, காப்ஸ்யூலை எடுத்துவிட்டு, கீழே ஒரு லிட்டர் பாத்திரம் வைத்து, கையேட்டில் சொன்ன உப்பு நீக்கும் முறைக்கு மாற்றி ஓட விடவும். வெளியே வந்ததை மறுபடி தொட்டியில் ஊற்றி இன்னொரு சுற்று. பிறகு இரண்டு தொட்டி நல்ல தண்ணீர். கல் மேடையில் சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள், அமிலம் மெருகைத் தின்னும்.

மின்சாரம். மெஷின் 1200 முதல் 1300 வாட் வரை இழுக்கும், அதாவது 5 முதல் 6 ஆம்பியர். பழைய வீடுகளில் மரப்பட்டை மேல் ஓடும் வயரிங்கின் 5 ஆம்பியர் சாக்கெட்டில் செருகினால் சாக்கெட் கருகும். எர்த் உள்ள 16 ஆம்பியர் பவர் பிளக் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள். சிங்கப்பூர், மலேசிய மெஷின் நம் 230 வோல்ட்டுக்கு ஒத்துவரும், சதுர முனை பிளக்குக்கு மட்டும் 13 ஆம்பியர் தாங்கும் அடாப்டர் வேண்டும். பயணத்துக்கு விற்கும் மலிவு அடாப்டர் உருகிவிடும். அமெரிக்க மெஷின் 120 வோல்ட், வேண்டவே வேண்டாம். வீட்டு இன்வெர்ட்டர் சாதாரணமாக இந்தச் சுமையைத் தாங்காது.

விசேஷ வீட்டில் இதை நம்பி இருக்க முடியாது என்பதற்குக் காரணம் அளவு. எசென்சா மினி தொட்டி 0.6 லிட்டர், 14 எஸ்பிரசோவில் காலி. பழைய காப்ஸ்யூல் பெட்டி ஐந்தாறில் நிறைந்துவிடும். நிறைந்ததைக் கவனிக்காமல் நெம்புகோலை அழுத்தினால் உள்ளே சிக்கி உடையும். பெட்டியையும் சொட்டுத் தட்டையும் தினமும் கழுவுங்கள். ஈரச் சக்கை நம் வெக்கைக்கு இரண்டு நாளில் பூசணம் பிடிக்கும், கரப்பானும் எறும்பும் வரும். சக்கையைப் பிரித்துக் கறிவேப்பிலைச் செடிக்குப் போடலாம்.

பூட்டிக் கிடக்கும் வீடுகள் இங்கே நிறைய. பொங்கலுக்கோ படைப்பு வழிபாட்டுக்கோ வந்து திறந்து, பத்து நாளில் சென்னைக்குத் திரும்புகிறவர்கள் மெஷினுக்குள் தண்ணீரை விட்டுப் போகக் கூடாது. தொட்டியைக் கழற்றி, கையேட்டிலுள்ள காலி செய்யும் முறையை ஓட்டினால் பம்ப் மிச்ச நீரை வெளியே தள்ளும். அதன்பின் பத்து நிமிடம் மெஷின் இயங்காது. கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். தொட்டி, தட்டு, பெட்டி மூன்றையும் காயவைத்து, நெம்புகோலைத் திறந்த நிலையில் விட்டு, துணிப்பையில் போட்டுக் கட்டி வையுங்கள். பூச்சி உள்ளே குடிபோகாமல் இருக்கும். அடுத்த முறை வந்து தொட்டி நிரப்பிப் போட்டதும் தண்ணீர் வராமல் சத்தம் மட்டும் வரும். பம்ப்பில் காற்று நிற்கிறது என்று அர்த்தம். காப்ஸ்யூல் இல்லாமல் லுங்கோ பொத்தானை அழுத்தி, தொட்டியை ஒருமுறை தூக்கி அழுத்தி உட்கார வையுங்கள். வராவிட்டால் கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி செய்யுங்கள். வறட்டு ஓட்டம் பம்ப்பைக் கெடுக்கும், தொடர்ந்து ஓட விட வேண்டாம். தண்ணீர் வந்ததும் மூன்று லுங்கோ அளவு கீழே கொட்டிவிட்டு முதல் காப்ஸ்யூலைப் போடலாம்.