நோபல் தளத்தில் புவி விஞ்ஞானிகளைத் தேடினால் என்ன கிடைக்கும்?

"நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்" என்று மேடையில் யாரையாவது அறிமுகப்படுத்தினால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். சூழலியல், வானிலை, பருவநிலை என்று பேச வருபவர்கள் விஷயத்தில் இந்த அடைமொழி இப்போது ரொம்பவே புழங்குகிறது. ஆனால் நோபல் விதிப்படி யாரை யார் பரிந்துரைத்தார் என்பது 50 ஆண்டுகளுக்கு ரகசியம். போன வருஷம் பரிந்துரைக்கப்பட்டேன் என்று ஒருவர் சொன்னால், ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்ல நோபல் குழு வாயைத் திறக்காது. சொல்கிறவருக்கு வசதி, கேட்கிறவருக்குச் சரிபார்க்க வழியில்லை.

பழைய ஆட்களைப் பற்றியாவது சரிபார்க்கலாமே என்றுதான் நோபல்பிரைஸ் டாட் ஆர்க் தளத்துக்குள் போனேன். பரிசு வாங்கியவர்கள் பெயரைத் தெரிந்துகொள்ள எல்லோரும் போகும் தளம்தான். உள்ளே பரிந்துரைகளுக்கென்று தனியாக ஓர் ஆவணக் காப்பகம் இருப்பது பலருக்குத் தெரியாது. காசு கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டாம், பெயரை அடித்துத் தேடினால் போதும். 1901 முதல் இருக்கிறது. எந்த வருடம், எந்தத் துறை, யாரை, யார் பரிந்துரைத்தார் என்று ஒவ்வொரு பரிந்துரைக்கும் தனித்தனிப் பக்கம். பரிந்துரைத்தவர் பெயரை அழுத்தினால் அவர் வேறு யாருக்கெல்லாம் எழுதினார் என்பதும் வந்துவிடும், அப்படியே ஒருவர் பின் ஒருவராகப் போய்க்கொண்டே இருக்கலாம், நேரம் போவது தெரியாது. இன்னொன்றும் அங்கே தெளிவாகும். யார் வேண்டுமானாலும் பரிந்துரைத்துவிட முடியாது. இயற்பியல், வேதியியல் பரிசுகள் என்றால் ராயல் ஸ்வீடிஷ் அறிவியல் அகாடமி உறுப்பினர்கள், முன்பு பரிசு வாங்கியவர்கள், குறிப்பிட்ட பல்கலைக்கழகப் பேராசிரியர்கள், குழு அழைத்தவர்கள் இவர்களுக்குத்தான் உரிமை. தன்னைத் தானே பரிந்துரைத்துக்கொண்டால் செல்லாது.

எனக்கு வேண்டியது புவி அறிவியல்காரர்கள். இங்கேதான் முதல் சிக்கல், ஏனென்றால் அப்படி ஒரு துறையே நோபலில் இல்லை. ஆல்ஃபிரட் நோபலின் உயிலில் இயற்பியல், வேதியியல், மருத்துவம், இலக்கியம், அமைதி இவ்வளவுதான். மண், கடல், காற்று, பாறை இவற்றை ஆராய்ந்தவர்கள் இயற்பியல் வாசல் வழியாகவோ வேதியியல் வாசல் வழியாகவோதான் நுழைய வேண்டும். பெரும்பாலானவர்கள் வாசலோடு சரி.

உதாரணம் வில்ஹெல்ம் பியர்க்னெஸ். நார்வேக்காரர், 1862இல் பிறந்தவர், அப்பா கணிதப் பேராசிரியர். இளமையில் ஜெர்மனியில் இயற்பியலாளர் ஹெர்ட்ஸிடம் உதவியாளராக இருந்து மின்காந்த அலைகளோடு மல்லுக்கட்டியவர், பிறகு மெல்ல மெல்லக் காற்றின் பக்கம் திரும்பினார். வானிலையைக் கணிப்பது ஜோசியம் மாதிரி நடக்க வேண்டியதில்லை, இன்றைய நிலை சரியாகத் தெரிந்து இயற்பியல் விதிகளும் தெரிந்தால் நாளைய நிலையைக் கணக்குப் போட்டே சொல்லலாம் என்று 1904இல் எழுதினார். கணினி என்ற சாமான் இல்லாத காலம்! முதல் உலகப்போர் நேரத்தில் லைப்சிக்கிலிருந்து நார்வேயின் பெர்கனுக்கு வந்து ஒரு குழுவைக் கட்டினார். போரால் தானிய இறக்குமதி அடிபட்டிருந்தது, விவசாயிகளுக்கு வானிலை முன்னறிவிப்பு அவசரமாகத் தேவைப்பட்டது, அந்த நெருக்கடியில்தான் இன்றைக்கு டிவி வானிலைப் படத்தில் முக்கோணமும் அரைவட்டமுமாக வளைந்து போகும், குளிர்காற்றும் வெப்பக்காற்றும் சந்திக்கும் எல்லையைக் காட்டும் 'முகப்பு' கோடுகளின் கோட்பாடு பிறந்தது. காப்பகத்தில் பியர்க்னெஸ் என்று தேடிப் பாருங்கள், வருடா வருடம் பெயர் வந்துகொண்டே இருக்கும். பரிசு வரவில்லை. வானிலையை இயற்பியல் கணக்கில் சேர்ப்பதா என்கிற தயக்கம் குழுவுக்குள் இருந்தது, அது கடைசிவரை போகவில்லை. 1951இல் காலமானார்.

இன்னொருவர் கிறிஸ்டியான் பிர்க்லாண்ட், அவரும் நார்வே. துருவ ஒளி எப்படி உண்டாகிறது என்று கண்டுபிடிக்க, வெற்றிடப் பெட்டிக்குள் ஒரு காந்தக் கோளத்தை வைத்து அதன்மேல் மின்துகள்களைப் பாய்ச்சி, குட்டி பூமியையே மேசைமேல் செய்து பார்த்த ஆள். ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும் என்று காற்றிலிருந்து உரம் தயாரிக்கும் முறையையும் கண்டுபிடித்தார், அதிலிருந்து நார்ஸ்க் ஹைட்ரோ என்ற பெரிய கம்பெனி கிளம்பியது. இவர் பெயரும் காப்பகத்தில் பலமுறை வருகிறது, பரிசு இல்லை. 1917இல் டோக்கியோவில் ஒரு ஹோட்டல் அறையில் இறந்துபோனார். துருவப் பகுதியில் மேலிருந்து கீழாக மின்னோட்டம் பாய்கிறது என்று அவர் சொன்னதைச் செயற்கைக்கோள்கள் வந்த பிறகுதான் உலகம் ஒத்துக்கொண்டது. நார்வே அவர் படத்தை 200 குரோனர் நோட்டில் போட்டது, அது வேறு கதை.

நம் பக்கத்து ஆள் ஒருவரையும் தேடினேன். மேக்நாத் சாகா. விண்மீன் இயற்பியலுக்காக இயற்பியல் பிரிவில் ஒரு தடவைக்கு மேல் பரிந்துரைக்கப்பட்டவர். வெள்ளக்காட்டில் வளர்ந்த கிழக்கு வங்காளத்துப் பையன், பிற்காலத்தில் நதிகளைப் பற்றி விடாமல் எழுதி, 1943 தாமோதர் நதி வெள்ளத்துக்குப் பிறகு அமைத்த விசாரணைக் குழுவில் உட்கார்ந்து, தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டம் உருவாகக் காரணமானவர்களில் ஒருவரானார். காப்பகப் பக்கத்தைப் பார்த்தால் இதில் ஒரு துளியும் தெரியாது. பெயர், ஊர், வருடம், பரிந்துரைத்தவர். முடிந்தது.

காப்பகத்தின் மேல் என் பெரிய குறையே இதுதான். அது ஒரு பதிவேடு. ஏன் பரிந்துரைத்தார்கள் என்பது கிடைத்தால் ஒரு வரி, பரிந்துரைக் கடிதங்களைத் தளத்தில் படிக்க முடியாது, குழு என்ன பேசி ஒதுக்கியது என்பதும் இல்லை. போனில் பார்த்தால் ஒவ்வொரு பரிந்துரையாகத் திறந்து திறந்து மூடியே கை வலிக்கும், கம்ப்யூட்டரில் உட்காருங்கள். ஐரோப்பியப் பெயர்களின் எழுத்துக்கூட்டலும் படுத்தும், குடும்பப் பெயரை மட்டும் அடிப்பது நல்லது. அப்புறம் அந்த 50 வருடக் கதவு. ஓசோன் ஆராய்ச்சிக்கு 1995இல் வேதியியல் நோபல் கொடுத்தார்கள், அந்த மூவரை யார் பரிந்துரைத்தார் என்று பார்க்க 2046 வரை பொறுக்க வேண்டும். பருவநிலைக் கணினி மாதிரிகளுக்கு 2021இல் கொடுத்த இயற்பியல் பரிசுக்கு 2072. ஆயுசு கெட்டியாக இருப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆனால் அதே தளத்தில் பரிசு பெற்றவர்களின் வாழ்க்கைக் குறிப்புகள் என்று ஒரு பகுதி இருக்கிறது. அது அருமை. ரொம்பப் பழையவர்களுக்கு யாரோ எழுதிய வறண்ட குறிப்புதான். காற்றில் கரியமில வாயு இரட்டிப்பானால் பூமி எவ்வளவு சூடாகும் என்று 1896லேயே கையால் கணக்குப் போட்டுக் காட்டிய ஸ்வாந்தே அரேனியஸுக்கு 1903இல் வேதியியல் பரிசு கிடைத்தது, அதுவும் மின்பகுளிக் கோட்பாட்டுக்காக, பூமிச் சூட்டுக்காக இல்லை. அவர் பக்கத்தில் உயிரோட்டத்தை எதிர்பார்க்க வேண்டாம். பிற்காலத்தவர்கள் தாங்களே எழுதியிருக்கிறார்கள், அங்கேதான் விருந்து.

முதலில், அந்த ஓசோன் மூவரில் ஒருவரான பால் கிரட்சனைப் படியுங்கள். ஆம்ஸ்டர்டாமில் 1933இல் பிறந்தவர். 1944–45 குளிர்காலப் பஞ்சத்தில் கூடப் படித்த பையன்கள் செத்துப்போனதை எழுதுகிறார். பள்ளி இறுதித் தேர்வு சமயத்தில் கடும் காய்ச்சல், மதிப்பெண் குறைந்தது, உதவித்தொகை கிடைக்காது, பல்கலைக்கழகம் போக வசதியில்லை. ஆகவே தொழில்நுட்பப் பள்ளியில் சிவில் படித்து நகராட்சியின் பாலம் கட்டும் பிரிவில் வேலைக்குப் போனார். நம்மூரில் டிப்ளமோ முடித்துவிட்டு பொதுப்பணித் துறையில் ஓவர்சியராகச் சேர்வது மாதிரி. பிறகு ஃபின்லாந்துப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு ஸ்வீடனில் யெவ்லே என்ற ஊருக்குக் குடியேறி, அங்கே வீடு கட்டும் அலுவலகம் ஒன்றில் வேலை. ஒருநாள் செய்தித்தாளில் விளம்பரம், ஸ்டாக்ஹோம் வானிலையியல் துறைக்கு கம்ப்யூட்டர் புரோகிராமர் தேவை. புரோகிராமிங்கில் அவருக்கு அனுபவமே இல்லை. விண்ணப்பம் போட்டார், கிடைத்தது, 1959இல் சேர்ந்தார்.

அங்கே வேலை பார்த்துக்கொண்டே வகுப்புகளுக்குப் போகலாம் என்பதுதான் அவரை இழுத்த விஷயம். ஆய்வகப் பயிற்சிக்கு நேரம் ஒதுக்க முடியாததால் இயற்பியல், வேதியியலைத் தொட முடியவில்லை, கணிதம், புள்ளியியல், வானிலையியல் எடுத்துக்கொண்டார். பிற்காலத்தில் வேதியியல் நோபல் வாங்கப்போகிறவர் வேதியியல் வகுப்புக்குப் போக நேரமில்லாமல் இருந்தார்! ஓசோன் கணக்குக்கு உதவி செய்யச் சொன்னதில் அந்த விஷயத்தில் ஆர்வம் பிடித்து, 1970இல் நைட்ரஜன் ஆக்சைடுகள் ஓசோனை அழிக்கும் என்று எழுதியதுதான் அவரை உலகுக்குக் காட்டியது. மனிதர்களே பூமியை மாற்றும் காலம் என்ற பொருளில் 'ஆந்த்ரோபொசீன்' என்ற சொல்லை 2000இலிருந்து பரப்பியதும் இவரே. சிவில் டிப்ளமோ படிக்கிற பசங்களுக்கு இந்த ஒரு பக்கத்தை யாராவது ஆசிரியர் வகுப்பில் வாசித்துக் காட்டலாம்.

கிரட்சனோடு பரிசைப் பகிர்ந்த மற்ற இருவரின் பக்கங்களும் நன்றாக இருக்கின்றன, கொஞ்சம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மரியோ மொலினா மெக்சிகோ நகரத்தில் வீட்டுக் குளியலறை ஒன்றை ஆய்வகமாக மாற்றிக்கொண்ட சிறுவன், வேதியியல் படித்த அத்தை ஒருவர் துணை, ஜெர்மன் தெரிந்தால் வேதியியலுக்கு நல்லது என்று 11 வயதில் சுவிட்சர்லாந்து விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஷெர்வுட் ரோலண்ட் ஒஹையோவின் சிறு ஊர்க்காரர், கோடை விடுமுறையில் அறிவியல் ஆசிரியர் ஊருக்குப் போகும்போது வானிலை நிலையத்தின் வெப்பமானியையும் மழைமானியையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அந்தப் பையனிடம் விட்டுவிட்டுப் போவாராம். இந்த இருவரும் 1974இல், ஃபிரிட்ஜிலும் ஸ்ப்ரே டப்பாவிலும் இருந்த குளோரோஃபுளோரோகார்பன் வாயு மேலே போய் ஓசோனைத் தின்னும் என்று எழுதினார்கள். 1987இல் அந்த வாயுக்களைக் கட்டுப்படுத்த மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. நடுவில் தொழிற்சாலைக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது ஏராளம்.

2021இல் பரிசு பெற்ற சியுகுரோ மனாபே, கிளாவுஸ் ஹாஸல்மன் இருவருக்கும் அப்போது 90 வயதும் கிட்டத்தட்ட 90 வயதும். மனாபே ஜப்பானில் எஹிமே பகுதியில் ஒரு மருத்துவக் குடும்பத்தில் பிறந்து, 1958இல் அமெரிக்க வானிலைத் துறைக்குப் போய், 1967இல் சக ஆய்வாளர் வெதரால்டோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில் கரியமில வாயு இரட்டிப்பானால் சுமார் 2.3 டிகிரி செல்சியஸ் உயரும் என்று கணக்குக் காட்டினார். அந்தக் கட்டுரைக்கும் பரிசுக்கும் நடுவில் 54 வருஷம். அதற்குள் சூழலியலுக்கான ஜப்பானின் ப்ளூ பிளானெட் பரிசை முதல் ஆண்டிலேயே, 1992இல், இவருக்குக் கொடுத்துவிட்டார்கள். நோபல் தாமதமாகத்தான் விழித்தது.

தளத்தின் பெரிய ஓட்டை, தமிழர்களுக்குக் கண்ணில் உடனே படுவது, பருவநிலை விஞ்ஞானி வீரபத்ரன் ராமநாதன். நோபல் வாங்கவில்லை, ஆகவே வாழ்க்கைக் குறிப்பு கிடையாது. 50 வருட விதியால் காப்பகத்திலும் அவரைத் தேடிப் பயனில்லை. ஆனால் அவர் கதை கிரட்சன் கதைக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. தமிழ்வழியில் படித்துக்கொண்டிருந்தவர் 11 வயதில் பெங்களூரில் ஆங்கில வகுப்புக்குள் தள்ளப்பட்டார், ஆசிரியர் சொல்வது புரியாததால் தானே யோசித்துக் கண்டுபிடிக்கும் பழக்கம் வந்தது என்று பின்னாளில் சொன்னார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங், பிறகு செகந்திராபாத்தில் ஃபிரிட்ஜ் கம்பெனி வேலை. குளிரூட்டும் வாயு ஏன் கசிகிறது என்று பார்ப்பது அங்கே அவர் பொறுப்பு. பிடிக்காமல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், அங்கிருந்து அமெரிக்கா. 1975இல் என்ன கண்டுபிடித்தார் தெரியுமா? அதே ஃபிரிட்ஜ் வாயு பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவை, மூலக்கூறுக்கு மூலக்கூறு, பத்தாயிரம் மடங்குக்கும் மேல் மிஞ்சும் என்று. பிறகு இந்தியப் பெருங்கடலுக்கு மேல் படியும், மாசு கலந்த பழுப்பு மேகத்தை அளந்தார், அடுப்புப் புகையைக் குறைக்கும் சூரியா திட்டத்தை வட இந்தியக் கிராமத்துக்குக் கொண்டுபோனார். சூழலியலுக்கான டைலர் பரிசு 2009இல், இன்னொரு பருவநிலை விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சனோடு தைவானின் தாங் பரிசு 2018இல். இதையெல்லாம் படிக்க அந்தந்தப் பரிசுகளின் தளங்களுக்கும் ஸ்க்ரிப்ஸ் கடலியல் நிறுவனத் தளத்துக்கும் தனித்தனியாக அலைய வேண்டும்.

அதே ராயல் ஸ்வீடிஷ் அறிவியல் அகாடமி, நோபல் தொடாத துறைகளுக்காக க்ராஃபோர்ட் பரிசு கொடுக்கிறது, புவி அறிவியலும் அதில் உண்டு. 1983இல் வானிலையியலாளர் எட்வர்ட் லோரன்ஸும் கடலியலாளர் ஹென்றி ஸ்டாமலும் வாங்கியது அதைத்தான். அந்தப் பக்கங்களில் ஏன் கொடுத்தோம் என்ற விளக்கம் நன்றாக இருக்கும், ஆனால் ஆளே தன் கதையைச் சொல்லும் சுவை இல்லை.

மதிப்பெண் போடச் சொன்னால் வாழ்க்கைக் குறிப்புகளுக்கு ஐந்துக்கு நாலரை, பரிந்துரைக் காப்பகத்துக்கு மூன்று. அரை மதிப்பெண் குறைத்தது எல்லாம் ஆங்கிலத்தில் மட்டுமே இருப்பதற்கு. பரிசு உரைகள் பிடிஎஃபாகக் கிடைக்கின்றன, சமன்பாடு பயம் இருப்பவர்கள் அதைத் தவிர்த்துவிட்டு நேரே வாழ்க்கைக் குறிப்புக்குப் போங்கள். அண்மைக்கால ஆட்களுக்கு, பரிசு அறிவித்த அன்றே எடுத்த தொலைபேசிப் பேட்டிகளின் ஒலிப்பதிவும் உண்டு, பஸ்ஸில் போகும்போது கேட்கத் தோதானது. காப்பகத்தை அடுத்த தடவை யாராவது மேடையில் 'பரிந்துரைக்கப்பட்டவர்' என்று சொல்லும்போது எடுத்துக்கொள்ளலாம். பழைய காலத்து ஆள் என்றால் ஒரு நிமிட வேலை.