கறிவேப்பிலைக்குக் குளிர்காலச் சூடு: மண்ணெண்ணெயா, கேஸா, கரண்டா?

லண்டனில் கறிவேப்பிலை வளர்ப்பவர்களுக்கு நவம்பர் பிறந்தாலே கவலைதான். கோடை முழுக்கத் தளதளவென்று நின்ற செடி, கண்ணாடிக் குடிலுக்குள் இருந்தாலும் ஒரே உறைபனி இரவில் கருகிவிடலாம். பகலில் வாங்கிய வெப்பத்தைக் கண்ணாடி இரவில் அப்படியே வெளியே விட்டுவிடுகிறது. என்னுடையது 6 அடிக்கு 8 அடி குடில். உள்ளே இரண்டு கறிவேப்பிலை, ஒரு முருங்கைக் கன்று, ஏழெட்டு மிளகாய்த் தொட்டிகள்.

முதல் குளிர்காலத்தில் மண்ணெண்ணெய் ஹீட்டர்தான் வைத்தேன். வயர் இழுக்க வேண்டாம், எங்கே வேண்டுமானாலும் தூக்கி வைக்கலாம். ஆனால் காலையில் கதவைத் திறந்தால் கண்ணாடியெல்லாம் நீர் வழிந்துகொண்டிருக்கும். ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகக் காற்றில் சேர்கிறது. இரண்டே வாரத்தில் மிளகாய் இலைகளில் சாம்பல் பூஞ்சை பிடித்துவிட்டது. திரி சரியாக எரியாவிட்டால் எத்திலீன் வாயு வந்து பூவும் இலையும் உதிரும். அதற்காகவும் காற்றுக்காகவும் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும். சூடும் அதன் வழியே போய்விடும். என்னிடம் இருந்ததில் தெர்மோஸ்டாட்டும் (வேண்டிய சூடு வந்ததும் தானே நிறுத்தும் கருவி) இல்லை. குளிர் குறைந்த இரவிலும் அதே தீ, அதே செலவு.

கேஸ் ஹீட்டரில் தெர்மோஸ்டாட் கிடைக்கும், சூடும் பலமாக வரும். ஈரப்பதத் தொல்லை மட்டும் அதேதான்: சிலிண்டரில் வருவது புரொபேன், பியூட்டேன் என்ற இரண்டு வகை வாயு; அதில் ஒரு கிலோ புரொபேன் எரிந்தால் 1.6 கிலோ அளவு தண்ணீர் வரும். வாங்குவதானால் புரொபேனே வாங்குங்கள். பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும். மிகவும் தேவைப்படும் இரவில்தான் அது கைவிடும். பெரிய குடில், வீட்டிலிருந்து தூரம், கரண்ட் இழுக்க வழியில்லை என்றால் கேஸ் சரி. என் குடிலுக்கு அது அதிகம்.

இப்போது ஓடுவது தெர்மோஸ்டாட் வைத்த மின்சார ஃபேன் ஹீட்டர். உலர்ந்த சூடு, காற்றும் அசைந்துகொண்டே இருப்பதால் பூஞ்சை வெகுவாகக் குறைந்தது. எல்லோரும் பயப்படுவது பில்லுக்குத்தான். கணக்குப் போட்டுப் பார்ப்போம். என் குடிலில் கண்ணாடிப் பரப்பு சுமார் 20 சதுர மீட்டர். வெளியே 0 டிகிரி, உள்ளே 7 டிகிரி வேண்டுமென்றால் 840 வாட் அளவு வெப்பம் தொடர்ந்து தேவை. 14 மணி நேர இரவுக்கு 12 யூனிட்டை நெருங்கும். யூனிட் 25 பென்ஸ் என்று வைத்தால் ஓர் இரவுக்கு 3 பவுண்ட். எல்லா இரவும் அவ்வளவு குளிராது என்றாலும் இது சின்னத் தொகையில்லை.

ஆகவே ஹீட்டர் வாங்குவதற்கு முன்பே உள்பக்கமெல்லாம் பபிள் ராப் (காற்றுக் குமிழிகள் உள்ள பிளாஸ்டிக் தாள்) ஒட்டுங்கள். மூன்றில் ஒரு பங்கு இழப்பையாவது அது தடுக்கும் என்பது என் அனுபவம். வெளிச்சம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. அப்புறம், வீட்டு அறைக்கான ஹீட்டரை ஈரமான குடிலில் வைக்கவே கூடாது. குடிலுக்கென்றே செய்ததை வாங்கி, வயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

தண்ணீர் பீப்பாய் வைத்தால் பகல் வெயிலைச் சேமிக்கும் என்பார்கள். 200 லிட்டர் தண்ணீர் 5 டிகிரி ஆறினால் ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல் வெப்பம் தரும், உண்மைதான். ஆனால் முதலில் அது சூடாக வேண்டுமே! டிசம்பரில் இங்கே பகலே சுமார் 8 மணி நேரம்தான், அதிலும் பாதி நாள் மேகம்.

நான் மிகவும் சிபாரிசு செய்வது இதைத்தான்: குடில் முழுவதையும் சூடாக்காதீர்கள். ஒரு மூலையில் பலகை போட்டு, பபிள் ராப்பால் சின்னக் கூடாரம் கட்டி, அடியில் கரண்டில் சூடாகும் 100 வாட் சூட்டுப் பாய் விரித்துத் தொட்டிகளை நெருக்கி வையுங்கள். வேர் சூடாக இருந்தால் கறிவேப்பிலை இலையை உதிர்த்தாலும் வசந்தத்தில் துளிர்த்துவிடும். பிப்ரவரியில் மிளகாய் விதை போடவும் அதே பாய் உதவும். குளிர்காலத்தில் தண்ணீரை மட்டும் மிகக் குறைவாக ஊற்றுங்கள். ஒரே ஒரு கறிவேப்பிலைத் தொட்டிதான் என்றால் ஹீட்டரே வேண்டாம், வீட்டுக்குள் வெளிச்சமான ஜன்னலோரம் போதும்.

பழைய மண்ணெண்ணெய் ஹீட்டரை நான் தூக்கி எறியவில்லை. கரண்ட் போகும் இரவுக்காகத் திரியை வெட்டிச் சுத்தமாக வைத்திருக்கிறேன்.