பிளிக்கர்ஸ் அட்டைகள்: நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்புக்குத் தாங்குமா?

ஸ்மார்ட் போர்டு மாட்டிய வகுப்பறையிலும் பழைய சிக்கல் அப்படியேதான் இருக்கிறது. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது மிஸ்" என்று கோரஸாகப் பதில் வரும். கை தூக்குவது எப்போதும் அதே நாலைந்து பேர். மற்றவர்களுக்கு என்ன புரிந்தது என்பது தேர்வுத் தாள் திருத்தும்போதுதான் வெளியே வருகிறது. பிளிக்கர்ஸ் செயலி இந்த ஓர் இடத்தில் மட்டும் கைவைக்கிறது, அதை உருப்படியாகவும் செய்கிறது. பிள்ளைகளுக்கு டேப்லெட், போன் எதுவும் வேண்டாம். ஆளுக்கு ஒரு காகித அட்டை, ஆசிரியரிடம் நெட் உள்ள ஒரு ஸ்மார்ட்போன். புரொஜெக்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கேள்வியைக் கரும்பலகையில் எழுதிப்போட்டாலும் வேலை நடக்கும்.

அட்டையில் கியூஆர் குறியீடு மாதிரி ஒரு கறுப்பு வடிவம் இருக்கும். நான்கு பக்கத்திலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்து. எது தன் விடையோ அந்த எழுத்து மேலே வருகிற மாதிரி பிள்ளை பிடிக்க வேண்டும். நீங்கள் செயலியைத் திறந்து கேமராவை வகுப்பின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாக நகர்த்தினால், யார் எந்த விடை என்று போனில் விழுந்துவிடும். ஒவ்வொரு அட்டையின் வடிவமும் வேறு என்பதால், பக்கத்துப் பையன் அட்டையைப் பார்த்துக் காப்பி அடிப்பது அவ்வளவு சுலபமில்லை.

அட்டைகளை அவர்கள் தளத்திலிருந்தே இலவசமாக இறக்கலாம். சாதாரணத் தொகுப்பில் 40 அட்டை, பெரிய தொகுப்பில் 63. சென்னையில் 40ஐத் தாண்டும் வகுப்புகள் நிறைய இருப்பதால், எடுத்தவுடனே 63 தொகுப்பை இறக்கிவிடுங்கள். ஏ4 தாளுக்கு இரண்டு அட்டை வீதம் 32 தாள் ஆகும். வகுப்பறை நீளமாக இருந்தால் தாளுக்கு ஒன்றாக வரும் பெரிய அட்டைதான் சரி. சின்ன அட்டையைக் கடைசி பெஞ்சிலிருந்து சில போன் கேமராக்கள் பிடிப்பதில்லை.

சொதப்பல் பெரும்பாலும் அச்சடிக்கும்போதே ஆரம்பித்துவிடுகிறது. சாதாரண ஜெராக்ஸ் தாளில் எடுத்தால் மின்விசிறிக் காற்றில் அட்டை மடங்கிக்கொண்டே இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் ஏறிச் சுருண்டும் போகும். 250 முதல் 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) வரை உள்ள, பளபளப்பில்லாத அட்டை கேளுங்கள். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் இது தாராளமாகக் கிடைக்கும். திருவல்லிக்கேணி அச்சுக் கடைகளில் தாளோடு சேர்த்தே எடுத்துத் தருவார்கள். சில நூறு ரூபாயில் முடிகிற காரியம். டோனர் மிச்சப்படுத்தும் முறையில் எடுக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், கறுப்பு சாம்பலாக வந்தால் கேமரா தடுமாறும். "லேமினேட் பண்ணித் தரவா சார்?" என்று கடைக்காரர் கட்டாயம் கேட்பார். வழக்கமான பளபள லேமினேஷன் வேண்டவே வேண்டாம். டியூப்லைட் வெளிச்சம் அதில் அடித்து, வடிவத்தின் பாதி வெள்ளையாகத் தெரியும். மேட் லேமினேஷன் என்றால் பரவாயில்லை.

தமிழ்வழி வகுப்பில் இன்னொரு சங்கடம் உண்டு. நம் கொள்குறி வினாக்களில் விடைகள் அ, ஆ, இ, ஈ என்று வரும், அட்டையிலோ ஆங்கில எழுத்து. அட்டையின் ஓரத்தில், ஆங்கில எழுத்துக்குப் பக்கத்திலேயே பென்சிலால் சின்னதாக அ, ஆ எழுதிவிட்டால் போதும். கறுப்பு வடிவத்தின் மேல் கோடு எதுவும் விழக்கூடாது.

கணக்குத் தொடங்கி வகுப்பைச் சேர்க்கும்போது பிள்ளைகளின் முழுப் பெயரை ஏற்றாதீர்கள். வருகைப் பதிவேட்டு எண்ணை 01, 02 என்று இரண்டு இலக்கமாகக் கொடுங்கள். பிள்ளைகளின் பெயர் வெளித் தளத்துக்குப் போகாது, திரையில் காட்டினாலும் யார் தப்பு என்று வகுப்பு சிரிக்காது. சேர்த்து முடித்ததும் பதிவேட்டு எண்ணும் அட்டையில் அச்சாகியிருக்கும் எண்ணும் பொருந்துகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒரே அட்டைக் கட்டை எல்லா வகுப்புக்கும் பயன்படுத்தலாம். ஏழு 'அ'வில் 12ஆம் எண்ணுக்கும் ஏழு 'ஆ'வில் 12ஆம் எண்ணுக்கும் அதே அட்டைதான்.

ஆனால் கட்டைத் தூக்கிக்கொண்டு வகுப்பு வகுப்பாக அலைந்தால், கொடுத்து வாங்குவதிலேயே பீரியடில் நல்ல பங்கு போய்விடும். அட்டையைக் கணக்கு நோட்டின் பின்னட்டையில் ஒட்டிவிடச் சொல்லும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நல்ல யோசனைதான், நோட்டு திருத்தலுக்குப் போகும் நாளைத் தவிர. வகுப்புக்கு ஒரு கட்டு அச்சடித்து, பெஞ்சு வரிசைப்படி அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு வகுப்பு லீடரிடம் கொடுப்பதுதான் எங்கள் பரிந்துரை.

முதல் நாள் பாடக் கேள்வி வேண்டாம். "இட்லியா, தோசையா, பொங்கலா, பூரியா?" என்று கேட்டு அட்டை பிடிக்கப் பழக்குங்கள். கவனிக்க வேண்டியது விரல்களை. பிள்ளைகள் நடுவில் அழுத்திப் பிடிப்பார்கள், கட்டைவிரல் கறுப்பை மறைத்துவிடும். வெள்ளை ஓரத்தைப் பிடிக்கச் சொல்ல வேண்டும். சிலர் முகத்தை மறைத்துப் பிடிப்பார்கள், முன் பெஞ்சுக்காரர் தலை பின் பெஞ்சு அட்டையை மறைக்கும். நெஞ்சுக்கு நேராக முன் பெஞ்சு, தலைக்கு மேலே பின் பெஞ்சு என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டால் சரியாகிவிடும். ஜன்னல் முதுகுப் பக்கம் இருக்கும் வரிசையில் வெளிச்சம் எதிர்த்து அடிக்கும். அங்கே மட்டும் பக்கவாட்டில் போய் ஸ்கேன் செய்யுங்கள். விட்டுப்போன எண்கள் போனிலேயே தெரியும். விடையை மாற்றிப் பிடித்தால் மறுபடி ஸ்கேன் செய்யலாம், கடைசியாகப் பிடித்ததுதான் கணக்கு. ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு இது தோதுப்படாது; எந்தப் பக்கம் மேலே என்பதிலேயே குழந்தைகள் குழம்புகிறார்கள்.

இவ்வளவு ஏற்பாடும் கேள்வி சப்பையாக இருந்தால் வீண். "தமிழ்நாட்டின் தலைநகர் எது?" என்று கேட்க அட்டை எதற்கு? 0.35, 0.4 இரண்டில் எது பெரியது என்று கேட்டுப் பாருங்கள். அ) 0.35, ஆ) 0.4, இ) இரண்டும் சமம், ஈ) சொல்ல முடியாது. அ பிடித்த பிள்ளை 35ஐயும் 4ஐயும் முழு எண்ணாக ஒப்பிடுகிறது. அதற்கு மறுபடி விதியைச் சொல்லிப் பயனில்லை, 0.4ஐ 0.40 என்று எழுதி நூறு கட்டத் தாளில் நிழலிட்டுக் காட்ட வேண்டும். பாதி வகுப்பு அ என்று வந்தால் விடையைச் சொல்லாதீர்கள். பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாடச் சொல்லி, அதே கேள்விக்கு இன்னொரு முறை ஸ்கேன் செய்யுங்கள். இந்த இரண்டாவது ஸ்கேனுக்காகவே இந்தச் செயலியை வைத்துக்கொள்ளலாம்.

மதிப்பெண் போடுவதற்கு இதைப் பயன்படுத்தவே வேண்டாம். மார்க் என்று தெரிந்த மறுநாளே கெட்டிக்காரப் பையனின் அட்டை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று வகுப்பே கவனிக்கத் தொடங்கும். பயிற்சி கொடுக்கும் வட்டார வள மையத்தினரும் இதை அரங்கில் பவர்பாயிண்ட் போட்டு விளக்குவதைவிட, ஆசிரியர் கையிலேயே அட்டையைக் கொடுத்து, அவர் போனிலேயே முதல் வகுப்பை உருவாக்க வைத்து அனுப்பினால்தான் பள்ளியில் இது ஓடும். வகுப்பில் போன் எடுப்பதைப் பற்றித் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுவதும் நல்லது.

இலவசக் கணக்கில் ஒரு கேள்வித் தொகுப்பில் ஐந்து கேள்விதான் வைக்க முடியும். கூடுதலாக வேண்டுமென்றால் சந்தா கட்ட வேண்டும். ஒரு பீரியடுக்கு மூன்று கேள்விக்கு மேல் கேட்க நேரமே இருக்காது என்பதால், சந்தா இப்போதைக்குத் தேவையில்லை. அந்தக் காசுக்குப் பெரிய அட்டையில் இன்னொரு கட்டு அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். தொலைகிற அட்டை, கிழிகிற அட்டை என்று எப்படியும் தேவைப்படும்.