பாலா, தயிரா, கீரையா, மாத்திரையா: எலும்பு யார் பக்கம்?

பால் குடித்தால் எலும்பு உறுதியாகும் என்பது ஒரு கட்சி. பால் எலும்பில் இருக்கும் கால்சியத்தையே கரைத்துவிடும் என்பது எதிர்க்கட்சி. எதிர்க்கட்சியின் வாதத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பாலின் புரதம் இரத்தத்தில் அமிலத்தைக் கூட்டும், அதைச் சமன்செய்ய உடம்பு எலும்பைச் சுரண்டும் என்கிறார்கள். புரதம் அதிகம் சாப்பிட்டால் சிறுநீரில் கால்சியம் கூடுவது உண்மைதான். ஆனால் அதில் பெரும்பகுதி, குடல் கூடுதலாக உறிஞ்சிக்கொண்டதிலிருந்து வருகிறது. இரத்தத்தின் அமில நிலையை நுரையீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்ளும். ஆக, பால் எலும்பைக் கரைக்காது.

சரி, வளர்க்குமா? இங்கேதான் சிக்கல்.

2014இல் ஸ்வீடனில் வெளிவந்த ஓர் ஆய்வு 61,000க்கும் மேற்பட்ட பெண்களையும் 45,000க்கும் மேற்பட்ட ஆண்களையும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. ஒரு நாளைக்கு மூன்று கிளாஸோ அதற்கு மேலோ பால் குடித்த பெண்களுக்கு இடுப்பெலும்பு முறிவு குறையவில்லை, கூடித்தான் இருந்தது. ஆஸ்திரேலியாவில் நடந்து 2021இல் முடிவு வெளிவந்த சோதனை நேர் எதிர். 60 முதியோர் இல்லங்கள், சுமார் 7,000 பேர், சராசரி வயது 86. பாதி இல்லங்களின் உணவில் பால், தயிர், பாலாடைக்கட்டியைக் கூட்டினார்கள். இரண்டு ஆண்டுகளில் எலும்பு முறிவு மொத்தமாக 33 சதவீதமும், இடுப்பெலும்பு முறிவு 46 சதவீதமும் குறைந்தன.

இரண்டில் எதை நம்புவது? எனக்கு இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதாகவே தோன்றவில்லை. முதலாவது, மக்கள் தாங்களாகக் குடித்ததைக் கணக்கெடுத்தது. எலும்பு பலவீனம் என்று பயந்தவர்களே பாலை அதிகம் குடித்திருக்கலாம். அப்படியானால் காரணமும் விளைவும் இடம் மாறிவிடும். இரண்டாவது, யாருக்குப் பால்பொருள் கூடுதலாகப் போகிறது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்த சோதனை. அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. அந்த முதியவர்கள் அதுவரை சாப்பிட்டதில் கால்சியம் நாளுக்கு 700 மில்லிகிராம்தான், புரதமும் குறைவு. பால்பொருட்கள் அதை 1,100க்கு மேல் உயர்த்தின. பற்றாக்குறை இருந்த இடத்தில் போய் விழுந்ததால் பலன் தெரிந்தது. ஏற்கெனவே போதுமான அளவு சாப்பிடுகிறவர் இன்னொரு கிளாஸ் குடித்தால், நிறைந்த குடத்தில் ஊற்றிய கதைதான். அப்புறம், அந்த வெற்றி பாலுக்கு மட்டும் சொந்தமல்ல. தயிரும் பாலாடைக்கட்டியும் கூடவே இருந்தன, கால்சியத்தோடு புரதமும் ஏறியது.

இனி போட்டியாளர்களைப் பார்ப்போம். 250 மில்லி பாலில் ஏறக்குறைய 300 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. குடல் எடுத்துக்கொள்வது அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. கொழுப்பு நீக்கினாலும் கால்சியம் போகாது. வயதுவந்தவருக்கு நாளுக்கு எவ்வளவு வேண்டும் என்பதில் நாடுகளே ஒத்துப்போகவில்லை: பிரிட்டன் 700 மில்லிகிராம் என்கிறது, அமெரிக்கா 1,000 என்கிறது.

தயிரில் ஏறக்குறைய அதே கால்சியம்தான். பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையில் ஒரு பகுதியைப் பாக்டீரியா முன்கூட்டியே தின்றுவிடுவதால், பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களில் பலருக்கும் தயிர் ஒத்துக்கொள்கிறது. உலகில் மூன்றில் இரண்டு பங்கு பெரியவர்களுக்கு லாக்டோஸைச் செரிக்கும் திறன் குறைவு என்பதால் இது சின்ன விஷயமல்ல. அந்த ஸ்வீடன் ஆய்விலேயேகூட, தயிர் வகைகளையும் பாலாடைக்கட்டியையும் அதிகம் சாப்பிட்ட பெண்களுக்கு முறிவு குறைவாகவே இருந்தது. பாலா தயிரா என்றால் என் ஓட்டு தயிருக்கு.

கீரை என்றதும் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டிவிடுகிறோம். பாலக்கீரையில் கால்சியம் ஏராளம், ஆனால் அதிலேயே இருக்கும் ஆக்ஸலேட் என்ற பொருள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதால் குடலுக்குக் கிடைப்பது சுமார் 5 சதவீதம். ஒரு கப் பால் தருவதை அதிலிருந்து பெற வேண்டுமானால் வேகவைத்த கீரை எட்டு கப் வேண்டும். ஆடு மாடுதான் சாப்பிட முடியும். ஆக்ஸலேட் குறைவான ப்ராக்கோலி, முட்டைக்கோஸ் வகையறா வேறு ரகம்: இருக்கும் கால்சியத்தில் பாதியோ அதற்கு மேலோ உடம்பில் சேர்கிறது. ப்ராக்கோலி என்றால் இரண்டு கப்புக்குக் கொஞ்சம் மேலே போதும். பால் வேண்டாம் என்பவர்களுக்கு முள்ளோடு தின்னக்கூடிய சிறு மீனும் இருக்கிறது. கால்சியம் சேர்த்த சோயா பாலும் இருக்கிறது, ஆனால் பெட்டியைக் குலுக்கிவிட்டு ஊற்ற வேண்டும். சேர்த்த கால்சியம் அடியில் தங்கிவிடும்.

மாத்திரை எனக்குக் கடைசி இடம்தான். அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 36,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் கால்சியமும் வைட்டமின் டியும் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனையின் முடிவு 2006இல் வந்தது. இடுப்பெலும்பின் அடர்த்தி ஏறக்குறைய ஒரு சதவீதம் கூடியது. முறிவு குறைந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சிறுநீரகக் கல் மட்டும் 17 சதவீதம் கூடியது. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் சாப்பிட வேண்டியதுதான். அப்போதும் ஒரே வேளையில் 500 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடல் உறிஞ்சும் பங்கு குறையும்.

வைட்டமின் டி போதாமல் இருந்தால் மேலே சொன்ன கணக்கெல்லாம் கவிழ்ந்துவிடும். உண்ட கால்சியத்தில் பத்துப் பதினைந்து சதவீதமே உள்ளே போகும், அது பாலானாலும் மாத்திரையானாலும்.

இந்தப் பட்டியலில் யாரும் சேர்க்காத ஒரு போட்டியாளர் பாரம், அதாவது எலும்பு தாங்கும் சுமை. விண்வெளியில் எடையின்றி மிதக்கும் வீரர்களுக்கு, நன்றாகச் சாப்பிட்டாலும், இடுப்பெலும்பு மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் கரைந்திருக்கிறது. அவர்கள் தினமும் கடுமையாக உடற்பயிற்சி செய்வதும் அதனால்தான். டென்னிஸ் வீரர்களுக்கு மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மறு கையைவிடத் தடிமன். சாப்பாடும் இரத்தமும் இரண்டு கைக்கும் ஒன்றுதான்.